பன்னிரண்டு நோர்மல்

கழுத்தில் கை வைத்த கணத்திலேயே ஷாமிலாவுக்கு அது தட்டுப்பட்டது. நோயாளி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஷாமிலா பின்னால் நின்று, இரண்டு கை விரல்களையும் முன்பக்கமாகக் கொண்டுவந்து குரல்வளைக்குக் கீழே வைத்து, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொன்னாள். தண்ணீர் இறங்கியது. இடது பக்கத்தில், புளியங்கொட்டை அளவில், கெட்டியாக ஒன்று மேலே ஏறி அவளுடைய விரலைத் தொட்டுவிட்டுத் திரும்பக் கீழே போனது. பல வருடம் வார்டில் நேர்ஸாக வேலை செய்த விரல். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் அதே நேரம் அவளுடைய வாய், மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நல்ல திருத்தமான ஆங்கிலத்தில் ஒப்புவித்துக்கொண்டிருந்தது. தைரொயிட் வீங்கவில்லை, கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, எல்லாம் நோர்மல். மணி அடித்தது. ஷாமிலா நோயாளிக்கு நன்றி சொல்லி, கதவடியில் இருந்த கிருமிநாசினியைப் பிழிந்து கைகளைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நோயாளி என்பது பேச்சுக்குத்தான். மாணவர்களின் செய்முறைப் பரீட்சையில் நோயாளியாக நடிப்பதற்குப் பல்கலைக்கழகம் அமர்த்தியிருந்த யோகமலர் அவர். டோர்செட் பார்க் பகுதியில் ஷாமிலா இருக்கும் தெருவிலேயே மூன்றாவது மாடிக்கட்டடத்தில் இருப்பவர், பஸ் தரிப்பில் கண்டால் சிரித்து, பனியைப் பற்றி இரண்டு சொல் கதைக்கிற பழக்கம். கதவில் ஒட்டியிருந்த அட்டையில் அவருடைய பெயர் மிஸிஸ் பட்டேல் என்று இருந்தது. பொட்டு வைத்த மனுசி யாராக இருந்தாலும் அந்தப் பரீட்சையைத் தயாரித்தவர்களுக்குப் பட்டேல்தான். மிஸிஸ் பட்டேலுக்குச் சில மாதங்களாகக் களைப்பு, நித்திரையில்லை, எதிலும் மனம் இல்லை. மாணவர் கேள்வி கேட்டு, கழுத்தையும் நெஞ்சையும் பரிசோதித்து, உடம்பில் ஒரு பிழையும் இல்லை, இது மனச்சோர்வு என்று கண்டுபிடிக்கவேண்டும். யோகமலர் நன்றாகவே நடித்தார். ஷாமிலாவைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. கேள்விக்கெல்லாம் தலையைக் குனிந்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பதில் சொன்னார். தண்ணீர்க் கோப்பையை வாங்கும்போது மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து ஷாமிலாவின் முகத்தைப் பார்த்தார். அதையும் நடிப்பு என்றே ஷாமிலா எடுத்துக்கொண்டாள்.

ஷாமிலா நேர்ஸ் பிராக்டிஷனருக்குப் படிக்கிறாள். டொக்டரைப் போலவே வருத்தத்தைக் கண்டுபிடிக்கவும், மருந்து எழுதவும், ஒரு குடும்பத்தைப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் பொறுப்பெடுத்துப் பார்க்கவும் உரிமையுள்ள நேர்ஸ். வேலையைப் பாதியாகக் குறைத்து, மாஸ்டர்ஸ் படிப்பில் சேர்ந்து, பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக்கூடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேக் வெட்டி, ஒரு வழியாகக் கரைக்கு வந்துவிட்டாள். இந்தப் பரீட்சை முடிந்தால் ஒஷாவாவில் ஒரு கிளினிக்கில் கடைசிப் பயிற்சி. அந்தப் பயிற்சி இடத்தைப் பிடிக்க அவள் கெஞ்சாத இடமில்லை. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலைக்கு எடுப்பதாகவும் சொல்லியிருந்தார்கள். கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஆராவது மறித்து, எப்போது முடிக்கிறாய் பிள்ளை, ஃபமிலி டொக்டர் கிடைக்குதில்லை, உன்னட்டைத்தான் வரப்போறம் என்பார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். இருந்தாலென்ன.

பரீட்சைக்கு ஆயத்தம் செய்ததெல்லாம் யூனியன்வில்லில், கூடப் படிக்கும் ஷரோன் வீட்டு பேஸ்மென்டில். ஷரோன் இந்த நாட்டிலேயே பிறந்த பிள்ளை, வயதில் பத்துப் பன்னிரண்டு குறைவு, கெட்டிக்காரி. போன வருடம் பாஸ் பண்ணிய பெண்களிடமிருந்து எந்தெந்த நோயாளி வரும், எதில் என்ன விடை என்று எல்லாம் கேட்டு வைத்திருந்தாள். பரீட்சகர் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பார். மாணவரின் விரலுக்கு என்ன தெரிகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே செய்வதை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்யவேண்டும். சொன்னால் புள்ளி, சொல்லாவிட்டால் இல்லை. வாரக்கணக்காக ஆளுக்காள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தார்கள். ஷாமிலாவின் புருசன் அன்ட்ரூவும் வீட்டில் ஹொக்கி பார்க்கும்போது அவளுக்குக் கழுத்தைக் கொடுக்கவேண்டியிருந்தது. முதல் இரண்டு நாளும் ஷாமிலாவுக்கு இது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. விடை தெரிந்துகொண்டு நோயாளியைத் தொடுவது என்ன பரிசோதனை? பிறகு பழகிவிட்டது. எந்தக் கள்ளமும் மூன்றாம் நாள் பழகிவிடும்.

மத்தியான இடைவேளையில் மாணவர்களுக்கு ஒரு மண்டபத்தில் சாண்ட்விச்சும் குளிர்ந்த சூப்பும் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் காலைப் பரீட்சை முடிந்த களிப்பில் உரத்துச் சிரித்தார்கள். ஷாமிலா ஷரோனை ஜன்னல் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அந்தக் களைப்பு மனுசியின்ரை கழுத்திலை உனக்கு ஏதும் தட்டுப்பட்டதோ?”

ஷரோன் சாண்ட்விச்சை மென்று முடித்தாள். “லெஃப்ற் சைடிலையோ? ஓம் அக்கா, சம்திங் தெயர். எங்கடை வகுப்பு எமிலியும் சொன்னவ. ஆனா கேஸிலை நோர்மல் எண்டுதானே இருக்கு. சோ நோர்மல் எண்டு சொன்னனான்.”

“கைக்குத் தெரிஞ்சிருக்கு, பிறகும் சொன்னனீ.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

ஷாமிலா சூப்புக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“அப்ப என்ன அக்கா. அதுக்கு மார்க் இல்லை. ஷீ இஸ் நொற் எ றியல் பேஷன்ற்.”

உண்மையான நோயாளி இல்லையாம். கழுத்து உண்மை, கட்டி உண்மை, மனுசி மட்டும் பொய். அந்த அறையில் பன்னிரண்டு பேரின் இருபத்துநாலு கை அந்த மனுசியின் தொண்டையைத் தடவிவிட்டு வந்திருக்கிறது. எல்லாரும் வாசனைக் கிருமிநாசினியில் தேய்த்துச் சுத்தமாக்கின கைகள். இப்போது அதே கைகளால் உருளைக்கிழங்கு சிப்ஸ் எடுத்துத் தின்கிறார்கள். சீ என்று வந்தது. அந்தச் சீயில் தன்னுடைய பங்கு பெரியது என்பதும் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தட்டுப்பட்டதோ என்னவோ. தனக்குத் தட்டுப்பட்டதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை.

அவள் ஹெதரைத் தேடிப்போனாள். ஹெதர் அந்தப் படிப்புக்குப் பொறுப்பானவர், காலையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து புள்ளி போட்டவரும் அவரே. தங்கமான பெண் என்று எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அறையில் தனியே இருந்து கரட் துண்டுகளை ஹம்முஸ் என்ற கடலை விழுதில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷாமிலா சொன்னதை முழுவதும் கேட்டார், நடுவில் மெல்லுவதை மரியாதையாக நிறுத்தி வைத்தார். பிறகு, உன்னுடைய நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன் என்று தொடங்கினார். அப்படித் தொடங்கினால் பின்னால் நல்லது வராது என்பது ஷாமிலாவுக்கு வார்டில் கிடைத்த அனுபவம்.

ஹெதர் விளக்கினார். நடிக்க வருபவர்கள் இது வைத்தியப் பரிசோதனை அல்ல என்று ஒப்புக்கொண்டுதான் வருகிறார்கள். அப்படியும் ஏதாவது தட்டுப்பட்டால் அதை எழுத்தில் அறிவிக்க ஒரு முறை இருக்கிறது. அவர்களை அனுப்புகிற ஏஜென்சிக்குப் போகும், ஏஜென்சி நடிக்க வந்தவருக்குச் சொல்லும். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் என்னவென்றால், கட்டி தட்டுப்பட்டது என்று ஷாமிலா எழுதிக்கொடுத்தால், அதே நேரம் கட்டி இல்லை என்று அவள் வாயால் சொன்னது வீடியோவில் இருக்கிறது. கண்டதை மாற்றிச் சொல்வது பரீட்சையில் நேரடியாக ஃபெயில். பாடம் முழுவதையும் அடுத்த வருடம் திரும்பச் செய்யவேண்டும், ஒஷாவா இடமும் போய்விடும். அதை எழுதுகிற நிலைமை தனக்கு வருவது மிகவும் கவலையாக இருக்கும் என்று ஹெதர் சொன்னார். முகத்திலும் உண்மையாகவே கவலை இருந்தது.

“பரீட்சைப் பதற்றத்தில் விரல்கூட ஏமாற்றும்” என்றார் பிறகு, ஆங்கிலத்தில், மிக மென்மையாக. “உனக்கு முழு நிச்சயம் இல்லாமல் இருக்கலாம். யோசித்துப்பார். நாளைக்குச் சொன்னாலும் போதும்.” சொல்லிவிட்டு அடுத்த கரட்டை எடுத்தார்.

ஷாமிலா மாடிப்படியில் நின்று அன்ட்ரூவுக்கு அழைத்தாள். அன்ட்ரூ லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு வருசமே என்றான். பிறகு லொறியின் இரைச்சலுக்கு மேலால் குரலை உயர்த்தினான். “ஏன் எழுதிக் குடுக்கிறீர்? மனுசியைத் தனியக் கண்டு, அன்ரி உங்கடை கழுத்தை ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வாருமன். அவவுக்கும் நல்லது, உமக்கும் நல்லது. பாம்பும் சாகாது, தடியும் முறியாது.”

பழமொழியை அவன் தலைகீழாகச் சொன்னான். பாம்பு சாகவேண்டும், தடிதான் முறியக்கூடாது. ஆனால் இந்த இடத்துக்கு அவன் சொன்னதே சரி என்று அவளுக்குப் பட்டது. யோசனையும் நன்றாகவே இருந்தது. நன்றாக இருந்தது என்பதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிற்பகலில் மிச்சப் பரீட்சைகளும் முடிந்து நடிகர்கள் வெளியே வரும்வரை காத்திருந்தாள். தெருவோரத்தில் பழைய பனி கறுத்து, நாய் மூத்திரமும் உப்பும் கலந்து கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. யோகமலர் நீல ஜக்கெட்டுடன் பஸ் தரிப்பில் தனியே நின்றார். மிஸிஸ் பட்டேலின் கூனலும் களைப்பும் போய், வேலை முடித்த மனுசியின் உற்சாகம் முகத்தில் இருந்தது. ஷாமிலாவைக் கண்டதும் சிரிக்க வாய் எடுத்து, உடனே அடக்கிக்கொண்டார்.

“என்னோடை கதையாதையும் பிள்ளை. பரிட்சை எழுதின ஆக்களோடை வெளியிலை கதைக்கப்படாது எண்டு சொல்லியிருக்கினம். நீர் நல்லாச் செய்தனீர். அவ்வளவுதான் சொல்லலாம்.”

“பரிட்சையைப் பற்றி இல்லை அன்ரி. உங்களுக்கு ஃபமிலி டொக்டர் இருக்கோ?”

யோகமலர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. “எங்கை. இருந்தவர் றிற்றயர் பண்ணிப்போட்டார். ரெண்டு வருசமாத் தேடுறம். வோக்-இன் கிளினிக்குக்குப் போனால் விடிய இருந்து காவல் இருக்கவேணும், உள்ளை போனால் ஒரு வருத்தம்தான் சொல்லலாம் எண்டுறாங்கள்.” குரலைத் தாழ்த்தினார். “அதுக்குத்தான் பிள்ளை நான் இந்தக் கழுத்துக் கேஸைக் கேட்டு வாங்கினனான்.”

“விளங்கேல்லை அன்ரி.”

“தைப்பொங்கலுக்குச் சங்கிலி பூட்டேக்கை இதிலை என்னவோ கையிலை பட்டது.” ஜக்கெட்டின் கழுத்துக்குள் விரலை விட்டுக் காட்டினார். சரியாக அதே இடம். “இவருக்குச் சொல்லேல்லை, மனுசன் பயந்து செத்துப்போகும். மகளுக்கும் சொல்லேல்லை. நித்திரை இல்லை. அப்பத்தான் ஏஜென்சியிலையிருந்து எனக்கு வந்த ஈமெயிலிலை, உந்தக் கேஸிலை கழுத்துப் பாப்பினம் எண்டு கிடந்தது. கேட்டன், தந்தவை. இண்டைக்குப் பன்ரண்டு பேர் பிடிச்சுப் பாத்தவை. ஒவ்வொருத்தரும் சொல்லேக்கை நான் காதைக் குடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தனான். நோர்மல், நோர்மல் எண்டு.” சிரித்தார். “உம்மடை குரல் வரேக்கை இன்னும் கவனமாக் கேட்டனான், எங்கடை பிள்ளை எண்டு. ஒருத்தர் பிழை விடலாம். பன்ரண்டு பேரும் விடுவினமே? இனி நித்திரை கொள்ளுவன்.”

அன்ட்ரூ சொல்லிக்கொடுத்த வசனம் ஷாமிலாவின் வாயில் ஆயத்தமாக இருந்தது. அன்ரி, எதுக்கும் ஒருக்கால் காட்டுங்கோ. எவ்வளவு நல்ல, மெத்தென்ற வசனம். பன்னிரண்டு நோர்மலுக்கு முன்னால் அது ஒரு காசுக்குப் பெறாது என்பதும் தெரிந்தது. எதுக்கும் காட்டுங்கோ என்றால் இந்த மனுசி ஓம் பிள்ளை என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுத்துவிடுவார். நோர்மலை எடுத்துப் போடுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

“அன்ரி, கட்டி இருக்கு. எனக்குத் தட்டுப்பட்டது.”

யோகமலர் சிரிப்பை விடவில்லை. “இல்லைப் பிள்ளை, நீர் நோர்மல் எண்டெல்லே சொன்னனீர்.”

“பொய் சொன்னனான். விடை அதுதான் எண்டு முதலே தெரியும். எல்லாருக்கும் தெரியும். பாத்துச் சொல்லேல்லை அன்ரி, பாடமாக்கிச் சொன்னது.”

“மற்ற ஆக்களுமோ?”

“மற்ற ஆக்களும்.”

அந்தச் சிரிப்பு போன விதத்தை ஷாமிலா பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஒரேயடியாகப் போகவில்லை. கண்ணிலிருந்து முதலில் போனது, உதட்டில் கொஞ்ச நேரம் அநாதையாகக் கிடந்தது. பயம் வரும், அழுவார், அணைத்துக்கொள்ளவேண்டும், ஒரு கட்டி என்றால் உடனே புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஸ்கான் ஒன்று செய்தால் தெரியும் என்று சொல்லவேண்டும் என்று ஷாமிலா ஆயத்தமாக இருந்தாள். உண்மையும் அதுதான். ஆனால் யோகமலர் அழவில்லை. ஷாமிலா தோளில் வைக்க நீட்டிய கையைப் பார்த்தார், மீன் சந்தையில் பழுதான மீனைப் பார்ப்பது போல. ஜக்கெட்டின் சிப்பை தாடைவரைக்கும் இழுத்துப் பூட்டினார்.

“கையை எடும்.”

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. சாரதி காத்திருந்து பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். யோகமலர் பஸ்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“காலமை துடக்கம் தண்ணி குடிச்சுக் குடிச்சு, கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தனான். ஒவ்வொருத்தரின்ரை குளிர்ந்த கையும். சாமிக்கு முன்னாலை இருக்கிற மாதிரி இருந்தனான்.” குரல் உயரவே இல்லை. “ஆருக்குத் தெரியும் உது? உங்களுக்குப் படிப்பிக்கிற மனுசிக்குத் தெரியுமோ?”

“சொன்னனான்.”

“என்னவாம்?”

“விரல் ஏமாத்தியிருக்கும், யோசிச்சுச் சொல்லு எண்டவ. நான் எழுதிக் குடுத்தால் என்னை ஃபெயில் பண்ணவேணுமாம்.”

யோகமலர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருக்குமோ என்று ஷாமிலா தேடினாள், இருக்கவில்லை. “அப்ப உம்மடை பாஸுக்கும் என்ரை கழுத்துக்கும் நடுவிலைதான் நீர் இஞ்சை வந்து நிக்கிறீர். வாரும்” என்றார். திரும்பி, உப்புத் தண்ணீரை மிதித்துக்கொண்டு கட்டடத்தை நோக்கி நடந்தார்.

முன் கூடத்தில் மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹெதர் கோட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட நின்றார். ஷரோன் முதலில் யோகமலரைக் கண்டாள், பிறகு பின்னால் வரும் ஷாமிலாவைக் கண்டாள், பிடித்திருந்த போனைக் கீழே இறக்கினாள். யோகமலர் நேரே ஹெதருக்கு முன்னால் போய் நின்று, ஜக்கெட்டைத் திறந்து, சால்வையை அவிழ்த்துக் கையில் எடுத்து, தாடையை உயர்த்தினார்.

“யூ ரீச்சர். யூ செக்” என்றார்.

ஹெதரின் முகம் சிவந்தது. தான் இங்கே ஆசிரியர், இந்த இடத்தில் ஒருவரைப் பரிசோதிக்கத் தனக்கு அனுமதி இல்லை, உங்கள் கவலை புரிகிறது, நாளைக் காலையில் முதல் வேலையாக ஏஜென்சியுடன் பேசுகிறேன் என்று அதே மென்மையான குரலில் சொன்னார். சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். மாணவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கப் பன்னிரண்டு நேர்ஸ்மார் நின்ற அந்தக் கூடத்தில், திறந்த கழுத்துடன் ஒரு மனுசி தலையை உயர்த்திக்கொண்டு நின்றார், ஒருவரும் கிட்டப் போகவில்லை. எமிலி நிலத்தைப் பார்த்தாள். யாரோ ஒரு சிப்ஸ் பையைச் சத்தமில்லாமல் மூட முயன்றார்கள், அது சரசரத்தது.

ஷாமிலாவுக்கு ஒஷாவா ஒரு கணம் நினைவில் வந்தது. இடம் பார்க்கப் போன அன்று அந்தக் கிளினிக்கில் அவளுக்கென்று காட்டின அறையில் ஒரு நல்ல ஜன்னல் இருந்தது. போகட்டும் என்று நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். போகப்போகிறதே என்று வயிறு பற்றி எரிந்தது. எரிந்துகொண்டே கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கினாள். யோகமலருக்குப் பின்னால் போய் நின்றாள்.

“அன்ரி, நான் வைக்கட்டோ?”

யோகமலர் விலகவில்லை. ஷாமிலா விரல்களை முன்னால் கொண்டுவந்து குரல்வளைக்குக் கீழே வைத்தாள். தோல் வெளிக்குளிரில் சில்லிட்டிருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்: இடது பக்கத்தில் கட்டி இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, காலையிலும் இருந்தது, எனக்குத் தெரிந்தும் நோர்மல் என்று சொன்னேன். அவளுடைய குரல் கூடத்தின் மறுபக்கம் வரைக்கும் போனது. ஹெதர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஷாமிலா தமிழில், மெதுவாக, “ஒருக்கால் விழுங்குங்கோ அன்ரி” என்றாள்.

தண்ணீர் இல்லை. யோகமலர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெதரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வறண்ட வாயில் எச்சிலைக் கூட்டி, விழுங்கினார்.